அரோமானியத்தில் உரிமைப் பிரகடனம்: ஒரு சொல் மட்டும் மசியவில்லை

மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவை அரோமானியத்தில் (பால்கன் பகுதியில் பேசப்படும், லத்தீனிலிருந்து பிறந்த, ருமேனியத்துக்கு நெருங்கிய மொழி) வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் வேர் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. ‘உரிமைகள்’ என்ற இடத்தில் வரும் ‘ந்திரெப்துரி’ மட்டும் மசிய மாட்டேன் என்கிறது.

அந்த இரண்டே வாக்கியங்களில் பால்கனின் எல்லா அடுக்குகளும் இருக்கின்றன. கண்ணியத்துக்கு ‘நமூஸி’, பகுத்தறிவுக்கு ‘ஃபிகிரி’. இரண்டும் துருக்கி வழியாக வந்த அரபுச் சொற்கள். மனச்சாட்சிக்கு ‘ஸினிதிஸி’, அப்படியே கிரேக்கம். உணர்வு என்ற இடத்தில் ஸ்லாவிய ‘துஹ்’. சகோதரத்துவத்துக்கு ‘ஃப்ரத்ஸல்யி’, அதன் அடி லத்தீன். அப்புறம் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் ‘லிபெரி’, ‘எகாலி’.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டவை இந்தக் கடைசி இரண்டும்தான். பார்த்தவுடன் லத்தீனிலிருந்து நேராக வந்தவை போலவே தெரியும். ஒலிமாற்றத்தை வைத்துச் சோதித்தால்தான் விஷயம் வெளியே வருகிறது. உயிரெழுத்துகளுக்கு நடுவே நின்ற லத்தீன் ‘ல்’, வாய்வழியாக வந்த சொற்களில் ‘ர்’ ஆகிவிடும். லத்தீன் ‘ஸாலெம்’ (உப்பு) இங்கே ‘ஸாரி’. ‘காய்லும்’ (வானம்) ‘த்ஸெர்’. ‘எகாலி’யில் ‘ல்’ அலுங்காமல் இருக்கிறது, ஆக அது ஏட்டு வழியாகப் பின்னால் நுழைந்தது. ‘லிபெரி’க்கும் இதே தீர்ப்பு. உயிர்களுக்கு இடையில் வரும் ‘ப்’ தேய்ந்து மறைந்திருக்க வேண்டும், முதல் ‘ல்’ இளகி ‘ல்ய்’ ஆகியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அப்படியானால் அந்த வேரின் உண்மையான வாரிசு எங்கே? ‘ல்யெர்து’! லத்தீனில் விடுவிப்பதைக் குறித்த ‘லிபெர்தாரே’ அரோமானியத்தில் ‘ல்யெர்து’ ஆகி, ‘மன்னிக்கிறேன்’ என்ற பொருளில் வாழ்கிறது. ‘ப்’ போயிருக்கிறது, ‘ல்’ இளகியிருக்கிறது, எல்லாம் விதிப்படி. இதைக் கண்டபோது எழுந்து நடக்காமல் உட்கார முடியவில்லை.

‘லிபெரி’யும் ‘எகாலி’யும் ருமேனியப் பள்ளிகள், அச்சுப் புத்தகங்கள் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒட்டோமான் ஆட்சியிலேயே 1864-இல், இன்றைய வட மாசிடோனியாவில் உள்ள பித்தோலாவுக்கு அருகே முதல் ருமேனியப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்காக இவற்றை வெட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ‘நமூஸி’யை எடுத்துவிட்டு ருமேனியச் சொல்லைப் போடுவதையும் ஏற்க மாட்டேன். ‘நமூஸி’யின் கதையே தனி. அரபுக்கு அது போனதே கிரேக்க ‘நோமோஸ்’ வழியாக. அதே ‘நோமோஸ்’ நேராகவும் வந்து, சட்டத்துக்கு ‘நோம்’ என்று அரோமானியத்தில் இருக்கிறது.

சரி, ‘ந்திரெப்துரி’. ஒலியில் குறையே இல்லை, லத்தீன் ‘தீரெக்துஸ்’ வழி வந்ததற்கு எல்லா அடையாளமும் உண்டு. ஆனால் ‘உரிமை’ என்ற பொருள் மண்ணிலேயே விளைந்ததா, ருமேனிய ‘த்ரெப்த்’ பார்த்து ஏறியதா? ஒலிமாற்றம் இங்கே வாய் திறக்காது. பழைய எடுத்துக்காட்டு வேண்டும். என் சொல் அட்டவணையில் அந்தக் கட்டம் இன்னும் முடிவாகாமல் மஞ்சளாகவே கிடக்கிறது.

தாகே பாபாஹாகியின் அரோமானிய அகராதி இதற்குக் கைகொடுக்கும். விரிவாக்கிய 1974 பதிப்பு என்று சொல்லி ஒரு பழைய புத்தக வியாபாரி 1963 பதிப்பை அனுப்பிவிட்டார், திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில். எழுத்துமுறையும் படுத்துகிறது. அகராதியில் ஒரே குறியோடு நிற்கும் இளகிய ‘ல்’, இப்போது பலர் எழுதும் முறையில் இரண்டு எழுத்து. தேடலுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்து கவாலியோதிஸ் என்ற அறிஞர் 1770-இல் வெனிஸில் அச்சிட்ட கிரேக்க, அரோமானிய, அல்பேனியச் சொற்பட்டியல். துன்மான் என்ற ஆய்வாளர் 1774-இல் லத்தீனும் சேர்த்து மறுபதிப்பித்தது எனக்கு வசதி. ருமேனியப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தைய பட்டியல் என்பதால், ‘ந்திரெப்து’ (‘ந்திரெப்துரி’யின் ஒருமை) அதில் எந்தப் பொருளோடு நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.