கேட் மதிப்பெண்ணும் மாங்கூழும்

மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரியான ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. சேர கேட் (CAT) நுழைவுத் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை பார்த்த தம்பிகள் இப்போதும் போன் செய்து கேட்கிறார்கள். நான் எடுத்தது 91 பெர்சன்டைல், அதாவது தேர்வு எழுதியவர்களில் சுமார் 91 சதவீதம் பேரைவிட மேலே; ஓ.பி.சி. பிரிவு. திருச்சியில் இடம் கிடைத்தது. ஆனால் அந்த 91 மட்டுமே வாங்கித் தந்த இடம் இல்லை.

மொத்த மதிப்பெண்ணைவிட, பகுதிவாரி கட் ஆஃப்தான் முதலில் ஆளைக் கழித்துக்கட்டுகிறது. ஆங்கிலம், தரவும் தர்க்கமும், கணக்கு என மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை அடுத்ததற்கு எடுத்துப்போக முடியாது. என் அறைத்தோழன் மொத்தத்தில் என்னைவிட மேலே. ஆங்கிலத்தில் சறுக்கியதால் அவனுக்கு நேர்காணல் அழைப்பே வரவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் ஆங்கிலப் பத்தி வாசிப்பில் உட்கார வேண்டும் என்பேன்.

அழைப்பு வந்தபின் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க், வேலை அனுபவம், நேர்காணல் எல்லாவற்றையும் கேட் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கூட்டுகிறார்கள். விகிதம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பத்தாவது மார்க்கை இனி யார் என்ன செய்ய முடியும்? நம் கையில் இருப்பது நேர்காணல்தான்.

என்னிடம் கேட்டது: "கிருஷ்ணகிரியா? விளைச்சல் நன்றாக இருக்கும் வருஷத்தில் மா விவசாயிக்கு ஏன் நஷ்டம்?" வங்கி, பட்ஜெட் என்று படித்துக்கொண்டு போயிருந்தேன், அதெல்லாம் வரவே இல்லை. ஆனால் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் விடிய விடிய நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் அறுவடைக்கு வருகிறது, பறித்த காயை வைத்திருக்க முடியாது, ஆலைக்கு அவசரமில்லை, போன வருஷக் கூழ் தேங்கியிருந்தால் விலை இன்னும் இறங்கும் என்றேன். "நீங்கள் ஆலை முதலாளியாக இருந்தால்?" என்று பிடித்துக்கொண்டார்கள். கடைசிவரை மாங்காய்தான்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வின் கதை வேறு. அங்கே எம்.பி.ஏ. கலந்தாய்வுக்கு அந்த மதிப்பெண்ணில் வரும் ரேங்க்தான் கணக்கு. நேர்காணல் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு நல்ல வழி.

அப்புறம் சான்றிதழ். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்று ஐ.ஐ.எம்.முக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். கேட் பதிவின்போதே கேட்பார்கள். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். தாலுகா அலுவலகத்தில் அது நகர்வதற்குள் பதிவு முடிந்துவிடக்கூடும்.