செம்மண் தரையிலிருந்து டர்ஃபுக்கு: ஒரு ஹாக்கி சீசனோடு நான்

சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் ஹாக்கி அணி எங்கே ஆடினாலும் நான் போய்விடுவேன். என் பிள்ளைகள் யாரும் அங்கே படிக்கவில்லை. பள்ளிக்கூட ஹாக்கியில் லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவரிசையில் இடப்பக்கம் ஆடியவள் நான். கல்யாணத்தோடு மட்டை பரணுக்குப் போனது. ஆட்டத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் போகவில்லை. இந்த சீசனில் அந்தப் பிள்ளைகளோடு சுற்றி வந்த ஊர்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் தேர்வு நடக்கும். ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி, ஆத்தூர் என்று நாலா பக்கமும் இருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள்தான் அணியில் பாதிப் பேர். கடைசி வகுப்பு முடிந்து மைதானத்துக்கு ஓடி வந்தால், ஊர் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். தரை செம்மண். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் கட்டாந்தரை. 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அந்தத் தரையில் எந்தப் பக்கம் துள்ளும் என்று அடித்தவளுக்கே தெரியாது. ஷின் கார்டையும் மீறிக் காலில் நீலம் பாயாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நான் கண் எடுக்காமல் பார்ப்பது பெனால்டி கார்னரை, எதிரணி தன் கோல் பக்கம் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பை. பந்தைக் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் வைப்பார்கள். எதிரணியில் கோல்கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான் தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஒருத்தி பந்தைத் தள்ளுவாள். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே ஸ்டாப்பர் அதை நிறுத்துவாள். மூன்றாவது ஆள் அதை உள்ளே இழுத்து அடிப்பாள். முதல் அடி மட்டையை ஓங்கி அடிக்கும் ஹிட்டாக இருந்தால், கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரமான 460 மில்லிமீட்டரைத் தாண்டிப் போகக் கூடாது. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். கோல் விழுந்தால் அடித்தவளைத்தான் கட்டிப்பிடிப்பார்கள். என் கணக்கில் அந்தக் கோலில் பாதி ஸ்டாப்பருடையது. பந்து அரை அடி விலகி நின்றாலும், அடிப்பதற்குள் எதிரணிக்காரி மேலே வந்து விழுந்துவிடுவாள்.

எங்கள் ஸ்டாப்பர் வாழப்பாடிப் பெண், இரண்டாமாண்டு வணிகவியல். கார்னர் கிடைத்ததும் மற்றவர்கள் கூடிப் பேசுவார்கள். இவள் நேராகத் தன் இடத்துக்குப் போய்க் குனிந்து தரையை உள்ளங்கையால் தடவுவாள். கல் தட்டுப்பட்டால் பொறுக்கிப் பின்னால் வீசுவாள். அப்புறம் ஷூவால் ஒரு முறை, மட்டையால் ஒரு முறை தேய்த்துச் சமன்படுத்துவாள். அம்பயர் அவசரப்படுத்தினாலும் தடவாமல் நிற்க மாட்டாள். பந்து வரும்போது மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, இடது முழங்காலை மடக்கி, தலையை நேராகப் பந்துக்கு மேல் கொண்டுவருவாள். ‘டொப்’ என்று அடங்கிய ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பந்து செத்து நின்றது என்று அர்த்தம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, விடுமுறை, புழுதிக் காற்று என்று பயிற்சி அறுபட்டுப் போகும். அதனால் ஆவணியில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500. பாதி மலை ஏறுவதற்குள் ஜன்னல் காற்று சில்லிட்டுவிட்டது. கோல்கீப்பர் தன் பேடு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

விடியற்காலை ஓட்டம் காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலையில். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கும், கீழே காபிச் செடி. சேலத்து வெயிலில் பத்து நிமிடத்தில் வாய் உலரும் பிள்ளைகள், இங்கே மேட்டில் பேசிக்கொண்டே ஓடினார்கள். ஏரி, பகோடா பாயிண்ட் எல்லாம் ஒரே மாலையில் பார்த்து முடித்துவிட்டோம். எனக்கு மனதில் நிற்பது அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் மூடுபனி இறங்கிய சாயங்காலம்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே பனி வந்து கோலை மறைத்தது, அப்புறம் நடுக்கோட்டை மறைத்தது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மாஸ்டர் அடிக்கிற ஆட்டத்தை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு, “புஷ் மட்டும் பண்ணுங்க. பந்து கேக்கறவ வாயத் தொறந்து கேளு” என்றார். அதுவரை இந்த அணியில் பேச்சே கிடையாது. கையைக் காட்டுவார்கள், இல்லையென்றால் மட்டையைத் தரையில் தட்டுவார்கள். இப்போது கை தெரியவில்லை. முதலில் தயங்கித் தயங்கி ஒரு குரல், “ரைட்டு, ரைட்டு!” என்று. அப்புறம் ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து கோல்கீப்பர், “யக்கா, உனக்கு லெஃப்ட்ல ஆளு!” என்று கத்துகிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், “ஷூ சத்தம் கேட்டுச்சுங்கக்கா” என்கிறாள். கோட்டோரம் நின்ற எனக்கு வெள்ளைப் பனியும் குரல்களும்தான். ஒரு அணி உருவாவதை அன்றைக்குக் காதால் கேட்டேன் என்றே சொல்வேன்.

மலை இறங்கியதும் போட்டிகள். பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்களில் இருக்கின்றன. தொப்பூர் கணவாய் தாண்டித் தருமபுரியில் நட்பு ஆட்டம் ஒன்று, சுலபமாக ஜெயித்தோம். கல்லூரிகளுக்கிடையேயான போட்டி நாமக்கல் பக்கம். ராசிபுரம் வழியாக பஸ்ஸில் போய் வந்தேன். லீக் ஆட்டங்களில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இறுதி ஆட்டம் வேறு. 15 நிமிடக் கால் ஆட்டங்கள் நான்கும் முடிந்தபோது 1–1. எங்கள் கோல் கார்னரில் வந்தது: வாழப்பாடிப் பெண் நிறுத்த, கேப்டன் தாழ்வாக அடிக்க, பலகையில் ‘டமார்’ என்று விழுந்தது.

அப்புறம் ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஒருத்தி தனியாகக் கிளம்ப வேண்டும். விசில் ஊதியதிலிருந்து 8 விநாடிதான். கோல்கீப்பர் எதிரே ஓடி வருவாள். ஹாக்கியில் இதைவிடக் கொடுமையான தனிமை கிடையாது. நான்கு பேர் ஆடி முடித்தபோது 2–2. ஐந்தாவதாக எதிரணிப் பெண் வலப்பக்கம் போவது போலக் காட்டி இடப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டாள். எங்கள் கேப்டன் போட்டால் தொடரும். கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள், எதிரே கோல் திறந்து கிடக்கிறது, பந்து ஒரு மேட்டில் பட்டுத் துள்ளியது. சரிசெய்து அடிப்பதற்குள் விசில். அவளுக்கு மூன்றாமாண்டு. திரும்பும்போது பஸ்ஸில் யாரும் அவளைத் தேற்றவில்லை, பக்கத்தில் மட்டும் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். சேலம் வந்து இறங்கியதும் மாஸ்டர் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தட்டைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும். மூன்றாவது செட் கேட்டபோதுதான் கேப்டன் வாய் திறந்து பேசினாள். கொஞ்ச நாளில் பல்கலைக்கழக அணிக்கு அவளும் கோல்கீப்பரும் தேர்வானார்கள்.

பொங்கல் கழிந்து கோவில்பட்டிக்கு ஒரு நட்பு ஆட்டத்துக்குப் போனோம். பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகும் ராத்திரி ரயிலில் சேலத்தில் ஏறினால் நாமக்கல், கரூர், மதுரை வழியாகப் போய்விடலாம். தமிழ்நாட்டில் ஹாக்கிக்கு ஊர் என்றால் அதுதான். இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். தெருவில் மட்டையோடு போகும் பொடிசுகளைப் பார்த்தே எங்கள் பிள்ளைகள் அசந்துபோனார்கள்.

அங்கே செயற்கைத் தரை, டர்ஃப். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கி டர்ஃபுக்குப் போய்விட்டது. எங்கள் பிள்ளைகளில் பலர் அதில் கால் வைத்தது அன்றுதான். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைத்தார்கள். வாழப்பாடிப் பெண் வழக்கம்போலக் குனிந்து தடவிப் பார்த்தாள். பொறுக்க ஒன்றுமில்லை. முதல் கார்னரில் பந்து தண்ணீரைச் சிதறிக்கொண்டு வந்த வேகத்தில், அவள் மட்டையை இறக்குவதற்குள் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கார்னரில் மட்டையை முன்கூட்டியே படுக்கவைத்துக் காத்திருந்தாள். நின்றது, கேப்டன் போட்டாள். 4–1 என்று தோற்றோம். ஆனால் நாலாவது கால் ஆட்டம் முழுக்க மைதானத்தில் எங்கள் பிள்ளைகளின் குரல்தான் கேட்டது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், “பிள்ளைக நல்லா பேசி ஆடுதுக” என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இவ்வளவு உழைக்கும் பிள்ளைகள், டர்ஃபில் பந்து எப்படி வரும் என்பதை ஆட்டத்தின் நடுவில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திறமையில் குறையில்லை, தரையில்தான் குறை. இது எனக்கு ஆறவே இல்லை.

ஊர் திரும்பிய வாரமே வாழப்பாடிப் பெண் மாஸ்டரிடம் ஒன்று கேட்டாள். கல்லூரியில் சிமென்ட் போட்ட பழைய பேட்மிண்டன் கோர்ட் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் பந்து கொஞ்சமாவது டர்ஃப் வேகத்தில் வரும் என்றாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே கார்னர் பயிற்சி. அடுத்த ஆண்டு கேப்டனின் இடத்தில் அடிக்க ஆத்தூர்ப் பெண் ஒருத்தி பழகுகிறாள். பத்து பந்து தள்ளுவதற்குள் சிமென்ட் காய்ந்துவிடுகிறது. ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அதை நனைப்பது என் வேலை.