86 படி, 30 மில்லி தண்ணீர்

எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, மெயின் ரோட்டுக்கு 86 படிகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை ஏற எனக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அப்போது என் வயது 43, எடை 118 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி. ராத்திரியில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் டீச்சராக இருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்தபடியே கண் சொருகிப்போன நாளில்தான் கிளினிக் துண்டை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

எடை குறைக்கும் ஒபரேஷன் முடிந்து இப்போது 13 மாதம். எடை 83 கிலோ. போவதற்கு முன் தமிழில் தேடிப் பார்த்தேன். ரொட்டி, சம்பல், பிளேன்டீ என்று வாழ்கிற நம்மைப் போன்றவர்களுக்கு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்கிற சத்திரசிகிச்சை. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு ஒடுங்கிய குழாய். குடலில் கை வைப்பதில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை டொக்டர் மூன்று தடவை சொன்னார்.

முதல் கிளினிக்கிலிருந்து திகதி கிடைக்கும் வரை ஏழு மாதம் போனது. ரத்தம், இதயம், தூக்கப் பரிசோதனை, தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் மலையிலிருந்து இறங்கணும். கமராவில் இரைப்பையில் ஒரு கிருமி இருப்பது தெரிந்து, இரண்டு வாரம் மருந்து குடித்து அதைத் தீர்த்த பிறகுதான் அடுத்த கட்டம். அலைச்சல்தான், ஆனால் எதையும் தட்டிக் கழிக்காதீர்கள். தூக்கப் பரிசோதனை செய்ததால்தான் எனக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது என்ன கவனம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

மனநல டொக்டரிடம் போனதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். "எல்லாரும் தூங்கின பிறகு சாப்பிடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அம்மா மூடி வைத்த ரொட்டியை அடுப்படியில் இருட்டில் நின்று சாப்பிட்டிருக்கிறேன், பசியே இல்லாமல். அவர் குறை சொல்லவில்லை. வயிற்றைச் சின்னதாக்கினாலும் இந்தப் பழக்கம் போகாது, அதற்கு இப்போதே வேலை செய்வோம் என்று நான்கு தடவை வரச் சொன்னார். ஒபரேஷனைவிட அந்த நான்கு நாட்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் மாவும் சோறும் சீனியும் கிடையாது. கொழுப்பு படிந்து பெருத்த ஈரல் இரைப்பைக்கு மேல் படுத்திருக்கும். மாச்சத்தைக் குறைத்தால் ஈரல் சுருங்கும், அப்போதுதான் கருவியை விட்டு அதைத் தூக்க முடியும். அவித்த முட்டை, ஆடை நீக்கிய பால், மரக்கறி சூப், இவ்வளவுதான். காலை ஐந்து மணிக் குளிரில் தகரத்தில் ரொட்டி வேகும் வாசனை வரும்போது கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. 34 வருஷம் கொழுந்து பறித்தவர். பசி தெரிந்த வீட்டில் இரண்டாவது ரொட்டியைத் தட்டில் வைப்பதுதான் பாசம்.

"சாப்பாட்டக் கண்டு பயப்படுறதுக்கா ஒன்ன படிக்க வச்சேன்?" என்றார்.

"பயமில்லம்மா. சீனி ஏறி ஒங்க தங்கச்சி காலை எடுத்தாங்களே, அந்த மாதிரி ஆகாம இருக்கத்தான்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் எனக்கு ரொட்டி வைக்கவில்லை. தானும் என் முன்னால் சாப்பிடவில்லை.

வாட்டில் சேர்ந்ததும் தந்த சம்மதப் படிவம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. "சைன் பண்ணுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். நான் பண்ணவில்லை. தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸி (தாதி) வரும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து, வரிக்கு வரி கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ரத்தக்கசிவு, தையல் விட்டுப்போதல், காலில் ரத்தம் கட்டுதல் எல்லாம் அதில் இருந்தன. தமிழும் அரச கரும மொழிதான். தயங்காமல் கேளுங்கள்.

வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள். கண் விழித்தபோது வெட்டிய இடத்தைவிட இடது தோள்தான் வலித்தது. வயிற்றுக்குள் அடைத்த வாயுவால் முதல் இரண்டொரு நாள் அப்படி இருக்குமாம். அன்று சாயந்தரமே எழுப்பி நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான காலுறை, வயிற்றுத் தோலில் ஒரு ஊசி. மூச்சை உள்ளிழுத்தால் மூன்று பந்துகள் மேலே எழும்பும் பிளாஸ்டிக் கருவியை மணிக்கொரு தடவை ஊதாமல் இழுக்கச் சொன்னார்கள்.

அப்புறம் தண்ணீர். மருந்து அளக்கும் சின்னக் கப்பில் 30 மில்லி ஊற்றித் தந்து, இதைக் கால் மணி நேரத்தில் குடியுங்கள் என்றார் மிஸ்ஸி. கப்பின் விளிம்பை உதட்டில் வைத்து நாக்கு நனையும் அளவு எடுத்தேன். அது நெஞ்சுக்குள் இறங்குவது, நிற்பது, பிறகு நழுவிப் போவது மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டாவது வாயை அவசரமாகக் குடித்ததும் நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் வைத்தது போல் அடைத்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை லீட்டர் குடிக்கணும், அதுவும் இப்படி. முதல் மாதத்தில் எனக்கு அதுதான் முழுநேர வேலை. இந்த வைத்தியத்தில் எதற்குப் பயிற்சி எடுக்கணும் என்று யாராவது கேட்டால், தண்ணீர் குடிக்க என்றுதான் சொல்வேன்.

மூன்றாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் உடனே மலைக்கு வரவில்லை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் 12 நாள் இருந்தேன். தையல் கசிந்தால் அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியவரும். காய்ச்சல், நாடி 120க்கு மேல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் உடனே போகணும். நம் ஊரிலிருந்து இறங்க ஐந்து மணி நேரம் ஆகுமே. தூரத்தில் இருப்பவர்கள் தங்க ஒரு இடம் பார்த்துவிட்டுத்தான் திகதி எடுக்கணும். திரும்பி வரும்போதும் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வேனை நிறுத்தி நிறுத்தி நடந்துதான் ஹட்டனுக்கு வந்தோம்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு மென்மையான சாப்பாடு. புரதம் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. டப்பாவில் விற்கும் புரத மாவு டீச்சர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அம்மாதான் வழி பார்த்தார். பருப்பைக் குழைய வேகவைத்து வடிகட்டி அதில் ஆடை நீக்கிய பால்மா கலப்பார். மீனை அவித்து முள் எடுத்து அம்மியில் அரைப்பார். பிறகு முட்டை, பயறு, தயிர். என் பழைய தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, என் மகன் குழந்தையாக இருந்தபோது சாப்பிட்ட கிண்ணத்தை எடுத்தார்.

ஐந்தாவது வாரம் நான் ஒரு பிழை விட்டேன். பக்கத்து லயத்தில் சடங்கு வீடு. "ஒரு வாய்தானே டீச்சர்" என்றார்கள். ஒரு துண்டு ரொட்டியை மென்றும் மெல்லாமலும் விழுங்கி, மேலே தேத்தண்ணி குடித்தேன். பத்து நிமிஷத்தில் வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறி, வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கோதுமை மா ரொட்டி பசை மாதிரி, அந்தக் குழாயில் இறங்காது. சாப்பாட்டோடு எதுவும் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். எனக்கு வாந்தி அந்த ஒரு தடவையோடு நின்றது. வாந்தி விடாமல் போனால் விட்டமின் பி1 குறைந்து நரம்பைத் தாக்கும், வீட்டில் இருந்து பார்க்கிற விஷயமில்லை.

பசி எடுக்கவில்லை. பசியைத் தூண்டும் ஹோர்மோனில் பெரும் பங்கு சுரப்பது வெட்டி எடுத்த பகுதியில்தானாம். பல மாதம் மணி பார்த்துத்தான் சாப்பிட்டேன். நான்காம் மாதம் முடி சீப்போடு கத்தையாக வந்தது. வேகமாக எடை இறங்கும்போது அப்படி நடக்கும், ஒன்பதாம் மாதம் நெற்றியில் புது முடி தெரிந்தது.

மலையகத்து ஆட்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது தேத்தண்ணி. மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு: மல்டிவிட்டமின், பி12, கால்சியம், விட்டமின் டி, இரும்பு. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஏற்கெனவே நம் பெண்களுக்கு ரத்தம் குறைவு. நான் இரும்பு மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடுகிறேன், கடைசித் தேத்தண்ணி சாயந்தரம் நாலு மணிக்கு. கால்சியத்தையும் அதோடு சேர்த்துப் போடுவதில்லை. இன்னொன்று, ஒருமுறை முதுகு வலிக்குப் போன இடத்தில் டைக்ளோபெனாக் எழுதித் தந்தார்கள். எனக்கு அது கூடாது, இரைப்பையில் புண் வரும். இப்போது என்ன ஒபரேஷன், எந்த மருந்து ஆகாது என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய அட்டை பர்ஸில் இருக்கிறது.

சீனி மாத்திரை நான்கில் மூன்று நின்றுவிட்டது. 86 படியில் இப்போது ஒரு இடத்தில் நிற்கிறேன், அதுவும் அம்மா பின்னால் வருவதற்காக. அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனையும் பித்தப்பை ஸ்கேனும் இருக்கிறது, எடை வேகமாக இறங்கியதால் கல் வந்திருக்கிறதா என்று பார்க்க. இந்தத் தடவை தானும் வருவேன் என்று அம்மா சொல்லி, ரயிலுக்கு எனக்கு எத்தனை முட்டை அவிக்கணும் என்று இப்போதே கேட்கிறார். ஒன்று போதும் என்றேன். சரி என்றார்.