32, 41, 47, 56: தார்க்வினி பட்டம் வென்ற வயதுகள்

"டூரிங் கார் என்றால் ஃபார்முலா 1-ல் தேறாதவர்கள் போய்ச் சேரும் இடம்தானே?" என்று என் அண்ணன் மகன் போன வாரம் கேட்டான். வீட்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் பொருத்தி சிமுலேட்டரில் ஓட்டுகிறவன். சீண்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறான். (கடையில் விற்கும் கார்களைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி ஓட்டுவதுதான் டூரிங் கார்.) அன்று நான் சொல்ல ஆரம்பித்த பதில் பாதியிலேயே நின்றுபோனது. முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன். பதில் ஒரே மனிதரைப் பற்றியது: இத்தாலிக்காரர் கப்ரியேலே தார்க்வினி.

மேலோட்டமாகப் பார்த்தால் அவன் சொன்னதற்கு இவரே சாட்சி போலத் தெரிவார். 1987-லிருந்து 1995 வரை ஃபார்முலா 1-ல் 78 முறை பெயர் கொடுத்தவர், பந்தயத்தில் ஓட்டியது 38 முறைதான். 25 முறை முன்தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். வேறு யாருக்கும் அத்தனை முறை அப்படி நேரவில்லை.

அந்தச் சுற்று என்னவென்று இப்போது பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1989-ல் 39 கார்கள் பதிவாகியிருந்தன. தகுதிச் சுற்றுக்கு 30 கார்களைத்தான் விடுவார்கள், பந்தயத்துக்கு 26. ஆகவே புதிய அணிகளும் பின்தங்கிய அணிகளுமாக 13 கார்கள் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு ஒரு மணி நேரம் மோத வேண்டும். வேகமான 4 பேர் உள்ளே. மற்ற 9 பேரும் 9 மணிக்கே சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். தார்க்வினி அந்த ஆண்டு ஓட்டியது ஏஜிஎஸ் என்ற சின்ன பிரெஞ்சு அணிக்கு. மெக்சிகோவில் அதே காரில் 6-ம் இடம் பிடித்தார். முதல் 6 பேருக்கு மட்டுமே புள்ளி தந்த காலம் அது. அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையில் கிடைத்த ஒரே புள்ளி அதுதான்.

இதைத் தோல்விக் கணக்கு என்று என்னால் படிக்க முடியவில்லை. ரப்பர் இன்னும் படியாத தடம், சரியாக ஓடாத கார், டயர் நன்றாக இருக்கும் ஓரிரு லேப்கள். அதற்குள் அந்தக் காரிடமிருந்து இருப்பதையெல்லாம் வாங்கியாக வேண்டும். இப்படிப் பல வருடம் உழைத்தவரிடம் ஓரளவு நல்ல காரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994 பதில்.

அந்த வருடம் ஆல்ஃபா ரோமியோ அவரை பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்புக்கு 155 காருடன் அனுப்பியது. முதல் 5 பந்தயங்களையும் வென்றார். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை விதிக்கு உட்பட்டதா என்று எதிரணிகள் புகார் செய்தன. பந்தயக் காரின் இறக்கை கடையில் விற்கும் காரில் இருப்பதுதானா என்பது கேள்வி. வாங்குபவருக்கு விற்ற காரில் இறக்கையை உயர்த்தும் பாகங்கள் டிக்கியில் கிடந்தன, பொருத்தப்படவில்லை. இதுதான் சண்டை. ஆல்ஃபா அணி ஓல்டன் பார்க் தடத்தில் பந்தயம் ஓட்டாமலே கிளம்பிப் போனது. அப்புறம் சமரசம், நாக்ஹில் தடத்தில் கார் உருண்ட விபத்து, எல்லாம் தாண்டிப் பட்டம். இறக்கைதான் ஜெயித்தது என்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பந்தயப் பதிவுகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இறக்கையைத் தாண்டி அந்தக் காருக்குள் ஒரு திறமை தெரிகிறது.

முன்சக்கரங்கள் இழுக்கும் கார் அது. காரை இழுப்பதும் திருப்புவதும் அந்த இரண்டு டயர்கள்தான். பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரமும் அவற்றின் மேல்தான் விழும். ஆர்வக்கோளாறில் ஓட்டினால் சில லேப்களிலேயே சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். பிரேக்கை முழுசாக விடாமல் லேசாகப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைந்தால் பின்பக்கம் கொஞ்சம் வெளியே வரும். கார் தானே திரும்பிக்கொடுக்கும், முன் டயர் பிழைக்கும். தார்க்வினி இதைச் செய்வதைப் பார்க்கும்போது அவர் கைகள் அதிகம் அசைவதே இல்லை.

இதோடு முடிவதில்லை டூரிங் கார். உலக சாம்பியன்ஷிப்பில் ஜெயித்தவர் காரில் எடை ஏற்றினார்கள். முதல் பந்தயத்தில் 8-வதாக வந்தவர் இரண்டாவது பந்தயத்தை முதல் இடத்திலிருந்து தொடங்கினார். இப்படிப்பட்ட ஆட்டத்தில் கனத்த காரோடு 5-ம் இடம், 6-ம் இடம் என்று கிடைக்கும் புள்ளிகளைச் சேர்ப்பவருக்குத்தான் பட்டம். தார்க்வினியின் கணக்கைப் பாருங்கள். 2003-ல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை ஆல்ஃபா 156-ல் வென்றது 1 புள்ளி வித்தியாசத்தில். 2009-ல் சியட் லியோன் டீசல் காரில் உலக சாம்பியன் ஆனது 4 புள்ளியில், அதுவும் சொந்த அணியின் இவான் முல்லரைத் தாண்டி. 2018-ல் ஹூண்டாய் காரில் டூரிங் கார் உலகக் கோப்பையை வென்றது 3 புள்ளியில், மறுபடியும் முல்லரை. மூன்றுக்கும் சேர்த்து 8 புள்ளிதான்!

2009-ல் அவருக்கு வயது 47. ஃபார்முலா 1 சாம்பியன் ஃபான்ஜியோ 1957-ல் 46 வயதில் வென்றதே அதுவரை அதிக வயது உலகப் பட்டமாக இருந்தது.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது பட்டங்களுக்கு இடையே கிடக்கும் வருடங்கள். 9, 6, 9. டூரிங் கார் ஓட்டுநரின் பிழைப்பு கார் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. விற்பனைக் கணக்கு மாறினால் அணியைக் கலைத்துவிடுவார்கள். 2009-ல் உலகப் பட்டம் வென்றுகொடுத்த கையோடு சியட் தன் நேரடி அணியை விலக்கிக்கொண்டது. அப்புறம் ஹோண்டாவுக்குப் போனார். 2013-ல் சிவிக் காரில் முல்லருக்கு அடுத்து இரண்டாம் இடம். 2016-ல் லாடா, அந்த வருட முடிவில் லாடாவும் கிளம்பியது. இப்படி ஒவ்வொரு முறையும் கதவு மூடிய பிறகு, இன்னொரு நிறுவனம் அவரைத்தான் கூப்பிட்டது. ஏன் என்று கேட்டால், என் கணிப்பில், புதுக் காரில் எது சரியில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. வேகமாக ஓட்டுகிறவர்கள் நிறைய உண்டு. "முன்பக்கம் பிடிக்கவில்லை" என்பதோடு நிறுத்தாமல், வளைவின் எந்த இடத்தில், பிரேக்கை விடும்போதா ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா என்று பிரித்துச் சொன்னால்தான் பொறியாளர் கை வைக்க முடியும். ஓடாத கார்களோடு மல்லுக்கட்டிய ஃபார்முலா 1 வருடங்கள் இங்கேதான் பலன் தந்தன என்று உறுதியாக நம்புகிறேன்.

2017-ல் ஹூண்டாய் தன் ஐ30 என் டிசிஆர் காரை உருவாக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. மறு வருடம் அந்தக் காரிலேயே மராகேஷில் உலகக் கோப்பையின் முதல் பந்தயத்தை வென்றார். 30 பந்தயங்கள் ஓடி, நவம்பரில் மக்காவ் தெருக்களில் பட்டம் முடிவானது. சுவர்கள் இருபுறமும் நெருங்கி நிற்கும் அந்தத் தடத்தில், எதிரிலும் ஹூண்டாய் காரில் முல்லர். 56 வயதுக்காரர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 2021 சீசன் முடியும் வரை ஓட்டிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.