அம்மாவின் ஒற்றைப் பாட்டா

"என் ஒற்றைப் பாட்டாச் செருப்பை எந்த நாய் தூக்கிக்கொண்டு போனது?" என்று அம்மா மூன்று நாட்களாக வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார். நான்காம் மாடிக்குப் படியேறி வந்து, இடது காலுடையதை மட்டும் தெரிந்தெடுத்துப் போகிற நாய் வெள்ளவத்தையில் இன்னும் பிறக்கவில்லை. நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

பாஸ்டனில் வாடகைக் கார் ஓட்டிய ஜாக் கார்ட்சைட் உருவாக்கியது கர்க்லர் என்ற ப்ளை, அதாவது மீனை ஏமாற்றக் கட்டும் பொய் இரை. நுரைத் துண்டைத் தூண்டில் முள்ளின் முதுகில் மடித்துக் கட்டி, முன்னால் உதடு போல நீட்டிவிட வேண்டும். நூலைச் சுண்டினால் அந்த உதடு தண்ணீரைத் தள்ளிக் 'களக்' என்னும். மேலே குஞ்சுமீன் துடிக்கிறது என்று கீழே இருக்கும் பெரிய மீன் ஏமாறும். அவருக்கு நுரைத் தாள் கடையில் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது அம்மாவின் குதிக்கால் தேய்த்த பாட்டா. பிளேடால் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் சீவவே ஒரு மாலை போனது. வாலுக்குச் சாமியறை மயிலிறகில் ஆறு இழை (முருகன் மன்னிப்பார், அம்மா எண்ணி வைத்திருப்பார்). முடிச்சு அவிழாமல் இருக்கத் தங்கச்சியின் இளஞ்சிவப்புக் கியூட்டெக்ஸ்.

தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் தூண்டில் கோல் வீச முடியாது. ஆகவே ஞாயிறு விடியவே தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கற்களில் நின்றேன். ப்ளைக்குப் பாரமில்லை, தடித்த நூலின் பாரம்தான் அதை இழுத்துப் போகும். அதற்கு நூல் முதலில் பின்னால் நீள வேண்டும். பின்னாலோ கோட்டைக்குப் போகும் புகையிரதம். அது கடக்கும்வரை காவடி எடுக்க வந்தவன் போலக் கோலைத் தூக்கியபடி நின்றேன். பயணிகள் கையசைத்தார்கள்.

ஐந்தாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. முரல்! துள்ளியது, உதறியது, போய்விட்டது. இன்னும் இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் அதே கதை. முரலின் அலகு எலும்பு, முள் ஏறாது. முள்ளை விட்டுவிட்டுப் பட்டுநூலைப் பிரித்துக் கட்டினால் அதன் ஊசிப் பற்கள் சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் முள்ளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் நின்றார். நீல நுரையை, கியூட்டெக்ஸை, மயிலிழையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மீன் எங்கே, தம்பி?"

"முரல், அம்மா. பட்டுநூல் இருந்தால் பிடித்திருப்பேன்."

முரல் சொதி என்றால் அம்மாவுக்கு உயிர். முகம் கொஞ்சம் இளகியது. என் கண் என்னையறியாமல் கூறைச்சேலை இருக்கும் அலுமாரிப் பக்கம் போனது.

அம்மா சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.