மலிவான லென்ஸின் அடக்க விலை

காட்டுயிர்களைப் படமெடுக்க ஆசைப்படும் மாதச் சம்பளக்காரன் முதன்முதலில் கற்றுக்கொள்வது காட்டைப் பற்றியோ விலங்கைப் பற்றியோ அல்ல, வகுத்தல் கணக்கைப் பற்றித்தான். 600 எம்எம் குவிய நீளமும் (தூரத்தை அருகே இழுக்கும் அளவு) எஃப்/4 திறப்பும் (வெளிச்சத்தை உள்ளே விடும் வாசல்; எண் சிறுத்தால் வாசல் பெருக்கும்) உடைய லென்ஸுக்கு முன்கண்ணாடி ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் விட்டம் இருந்தாக வேண்டும், ஏனெனில் 600-ஐ 4-ஆல் வகுத்தால் அவ்வளவு வருகிறது. அத்தனை பெரிய கண்ணாடியைப் பழுதின்றி இழைத்தெடுக்கும் செலவுதான் அதன் விலையைப் பத்து லட்சத்துக்கு மேலே கொண்டுபோய் வைக்கிறது. அதே 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர்தான் வருகிறது. டாம்ரான் நிறுவனம் 2013-இன் இறுதியில் அறிவித்த, 150 முதல் 600 எம்எம் வரை மாற்றிக்கொள்ளத்தக்க 150-600 லென்ஸுக்கும், அதைத் தொடர்ந்து சிக்மா நிறுவனம் கொண்டுவந்த அதே அளவு லென்ஸ்கள் இரண்டில் எடை குறைந்ததற்கும் முன்னால் திருகும் ஃபில்டரின் அளவு 95 மில்லிமீட்டராக இருப்பது இதனால்தான். விலையும் ஒரு லட்சத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை என் மனைவியிடம் பொறுமையாக விளக்கியபோது, வகுத்தலில் தமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்றும், அதற்குப் பின் வங்கிக் கணக்கில் நடக்கப்போகும் கழித்தலைப் பற்றித்தான் கவலை என்றும் அவர் தெரிவித்தார். முடிவில் ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு ரூபாயும் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் என் பெயரில் பற்று எழுதப்படும் என்பது நிபந்தனை.

எங்கள் தோப்பு பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரம் சாலையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் கேரளம் வந்துவிடும். லென்ஸ் வாங்கப் போகிறேன் என்ற செய்தி இரண்டு மாநிலங்களிலும் பரவியதும், பார்த்தவர்கள் அனைவரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: அதில் எவ்வளவு தூரம் தெரியும்? என் தந்தையார் ஒருபடி மேலே போய், “ஏன் கண்ணு, இங்கிருந்தே பழனி மலை தெரியுமா?” என்று கேட்டார். தூரம் கூடக் கூட இடையில் உள்ள சூடான காற்றும் தூசியும் உருவத்தை நெளியச் செய்துவிடும் என்பதையும், எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்தக் காற்றை லென்ஸ் விலக்கிவிடாது என்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். “அப்ப எதுக்கு அம்பதாயிரம்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

என்னிடம் இருப்பது கேனானின் சிறிய சென்சார் கேமரா. ஐம்பதாயிரத்துக்குள் அதற்குப் பொருந்துபவை சிலவே. 55-250 லென்ஸ் 375 கிராம்தான் எடை, விலையும் குறைவு, மானுக்கும் மயிலுக்கும் போதும். ஆனால் மர உச்சியில் இருக்கும் இருவாட்சியை அது ஒரு காக்கை அளவுக்குக் காட்டி முடித்துக்கொள்ளும். 1993-இல் வந்த 400 எம்எம் எஃப்/5.6 லென்ஸ் பழையதாகக் கிடைத்தால் படம் கத்தி முனையாக இருக்கும். ஆனால் அதில் கை நடுக்கத்தை அடக்கும் ஏற்பாடு கிடையாது, என் கையோ காலைக் காபிக்கு முன்னும் நடுங்கும், பின்னும் நடுங்கும். இருக்கும் லென்ஸுக்குப் பின்னால் இரு மடங்குப் பெருக்கியைச் செருகிவிடலாமே என்று அலுவலக நண்பர் ஒருவர் ஆலோசனை கூறினார். அது நீளத்தை இரட்டிப்பாக்கும்போதே வெளிச்சத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடும் என்பதையும், அதன் பிறகு கேமரா தானாக ஃபோகஸ் செய்ய மறுக்கும் என்பதையும் அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அவர் அதை ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

ஆகவே பழைய 150-600, அல்லது பழைய 100-400 என்ற இரண்டில் ஒன்றுதான் என்றாயிற்று. முதலாவதைக் கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்து, வால்பாறைச் சாலையில் சோதித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஆழியாற்றிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சி முனையை ஒட்டிய பாறைகளில் வரையாடுகளைக் காணலாம். நமது மாநில விலங்கு என்ற பெருமை அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனிதர்களைக் கண்டு ஒதுங்கும் வழக்கம் அங்கே அவற்றுக்கு அவ்வளவாக இல்லை. இரண்டு கிலோவை நெருங்கும் அந்தக் குழாயை நான் தூக்கி நிமிர்த்திய வேளையில், கொம்பு வளைந்த கிடாய் ஒன்று தடுப்புச் சுவரை ஒட்டி நடந்து வந்து, எனக்கு ஐந்தடி தூரத்தில் நின்று புல்லை மேயத் தொடங்கியது. அந்த லென்ஸோ 2.7 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ ஒன்பது அடிக்குள் நிற்கும் எதையும் பார்க்க மறுப்பது. மோட்டார் முன்னும் பின்னும் ஓடிற்று. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பு நிற மங்கல் மட்டுமே. நான் ஓரடி பின்வாங்கினால் கிடாயும் ஓரடி முன்னால் வந்தது. கடைசியில் என் மகள் அதன் முகத்தைக் கைப்பேசியில் எடுத்து, நான் படமெடுத்து முடிப்பதற்குள் உறவினர்கள் அனைவருக்கும் அனுப்பிவிட்டாள்.

அத்துடன் முடியவில்லை. புதிதாக மணமான இணையர் ஒருவர், இவ்வளவு பெரிய கேமரா வைத்திருப்பவர் நல்ல படம்தான் எடுப்பார் என்ற நம்பிக்கையில், தங்களை ஒரு படம் எடுத்துத் தருமாறு கேட்டனர். 150 எம்எம்மில் ஓர் ஆளை முழு உயரமாகச் சட்டத்துக்குள் அடக்க என் கேமராவுக்கு நாற்பது அடியாவது வேண்டும். நான் பின்னோக்கி நடக்க நடக்க அவர்கள் முகத்தில் ஐயம் கூடிக்கொண்டே போனது, வளைவின் மறுகோடிக்குப் போய், “சிரிங்க!” என்று நான் கத்தியபோது நடுவே ஓர் அரசுப் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் என்னைப் பார்த்து, எந்தத் தொலைக்காட்சி என்று விசாரித்தார். சாலையின் நிலையைச் சரியாகக் காட்டும்படி ஜன்னலோரப் பயணி ஒருவர் கேட்டுக்கொண்டார்.

இதன்பின் எனக்கு 600-இன் மேல் இருந்த மோகம் தெளிந்தது. சிக்மாவின் 100-400 லென்ஸ் 2017-இல் வந்தது, எடை 1160 கிராம், 1.6 மீட்டர் வரை நெருங்கி வருபவரையும் மதிக்கும். எல்லைக்கு அப்பால் கேரளத்துச் சித்தூரில் ஒருவர் அதை விற்பதாக அறிந்து போனேன். அதன் கடைசி நீளமான 400 எம்எம்மில் திறப்பை முழுதாகத் திறந்து, முற்றத்துத் தென்னையில் அமர்ந்த காக்கையைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, குழல் தானாகச் சரிகிறதா என்று கவனித்தேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் உள்ளே மெல்லிய ஓசை எழுந்து காட்சி நிலைகொள்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். பிறகு டார்ச் விளக்கைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, சிலந்தி நூல் போன்ற பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று தேடினேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காலத்தைக் கண்ட லென்ஸில் அதைத் தேடாமல் வாங்குவது ஆபத்து. ஓரத்தில் ஏதோ தென்பட்டது. “பங்கஸ் அல்ல சாரே, பொடியாணு” என்றார் விற்பவர். ஊதிப் பார்க்க முடியாத இடம் ஆதலால், வேறு கோணங்களில் விளக்கை அடித்து, அது தூசிதான் என்று உறுதி செய்துகொள்ள நேரம் பிடித்தது. திண்ணையில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பாட்டி, இந்த வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை சோதனை செய்ததில்லை என்று எனக்கும் புரியும் மலையாளத்தில் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. இருந்தும் இரண்டாயிரம் குறைத்தார்கள்.

நோட்டின் பின்பக்கம் அன்றிரவே தொடங்கியது. 67 மில்லிமீட்டர் ஃபில்டர் ஒன்று. பூஞ்சையிலிருந்து காக்க, காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் போடச் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கிறதா என்று காட்டும் சிறு கருவி. வாடகை லென்ஸின் கட்டணம். டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் போய்வந்த செலவு. பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், ஆனால் சாலை வழி போவதற்குத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்; ஆகவே இரண்டு மாநில வனத்துறைகளின் சோதனைச் சாவடிகளிலும் ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு விடை சொன்னேன். வனத்துறை வண்டி குலுங்கியது. சோலை நிழலில் எஃப்/6.3 திறப்புக்குள் வருகிற வெளிச்சத்தை வைத்து, 1/640 விநாடி வேகத்தைப் பிடிக்க, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. வேகத்தைக் குறைத்தால் லென்ஸ் என் நடுக்கத்தை அடக்கிவிடும், ஆனால் கருமந்தியின் தாவலை யார் அடக்குவது? அன்று அசையாமல் நின்று ஒத்துழைத்தது அங்குள்ள கன்னிமரா தேக்கு என்ற பழம்பெரும் மரம் மட்டும்தான். 100 எம்எம்மில் அதன் பட்டை அழகாகப் பதிவாகியிருக்கிறது.

லென்ஸின் உண்மையான பயன் வீட்டில்தான் வெளிப்பட்டது. 2016-இல் எங்கள் பக்கம் தென்னையில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிடும். அதன் கழிவு சொட்டிய கீழ் ஓலைகளில் கரும்பூசணம் படர்ந்துவிடும். ஐம்பதடி உயர மரத்தில் கீழிருந்து அதைக் காண முடியாமல் தந்தையார் தவித்துக்கொண்டிருந்தார். 400 எம்எம்மில் அந்த உயரத்து ஓலை மூன்றடிக்கும் குறைவான துண்டாகச் சட்டத்தை நிறைத்து நின்றது. வெள்ளைச் சுருள்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மறுநாள் முதல் அவரே கழுத்தில் மாட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றி வருகிறார். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களும் அழைக்கிறார்கள்.

இதில் பாதிக்கப்பட்டவர் மரம் ஏறுபவர். வெட்டு முடிந்து அவர் இறங்கியதும், முற்றிய குலை இரண்டு எந்த மரத்தில் விடுபட்டிருக்கிறது என்று தந்தையார் கேமராத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். “அப்படீன்னா அந்த லென்சையே ஏறித் தேங்காய் போடச் சொல்லுங்கய்யா” என்று சொல்லி அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவரை மீண்டும் வரவழைக்க மரத்துக்கு ஐந்து ரூபாய் கூலி கூட்ட நேர்ந்தது. தோப்பில் எத்தனை மரங்கள் என்று என்னைக் கேட்டு, பெருக்கி, அந்தத் தொகையையும் என் மனைவி லென்ஸின் பற்றில் எழுதிவிட்டார்.