தேன் பூசிய ஹாம்: ரோமானியச் செய்முறையைச் செய்து பார்த்தேன்

கிறிஸ்துமஸ் ஹாமின் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை) மேல் பளபளக்கும் இனிப்புப் பூச்சு எவ்வளவு பழையது என்று தேடிப் போனதில், அப்பீசியஸ் என்ற லத்தீன் சமையல் நூல் அகப்பட்டது. 4, 5ஆம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. செய்முறை சில வரிகள்தான்: பன்றித் தொடையை நிறைய உலர் அத்திப்பழத்தோடும் மூன்று பே (லாரல் மரத்து) இலைகளோடும் வேகவைத்து, தோலை உரித்து, கட்டம் கட்டமாகக் கீறி, கீறல்களில் தேனை நிரப்ப வேண்டும். பிறகு எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவால் மூடிச் சுட வேண்டும். இலைக்கு மட்டும்தான் எண்ணிக்கை உண்டு. மற்ற எதற்கும் அளவு இல்லை.

நான் எடுத்தது உப்பிட்டுப் பதப்படுத்திய 2 கிலோ துண்டு. பே இலைக்குப் பதில் நம் பிரிஞ்சி இலையைப் போட வேண்டாம். அது இலவங்கப்பட்டை இனம், மணமே வேறு. கறித்துண்டை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்தேன். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உப்பை அள்ளிப் போட்டார்கள். அந்த உப்புக்கு ஈடுகொடுக்கத்தான் தேனும் பழமும் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஸ்மித்ஃபீல்ட் என்ற ஊரின் ஹாமைச் சமைப்பவர்கள் இன்றும் ஊறவைக்கிறார்கள். அந்த ஊர் எல்லைக்குள் பதப்படுத்தியதற்கே அந்தப் பெயர் என்று 1926இல் சட்டமே போட்டார்கள்.

அரை கிலோவுக்கு 20 நிமிடம், மேலே இன்னொரு 20 என்று மெல்லிய கொதியில் வேகவைத்தேன். அத்தி கரைந்து நீர் பழுப்பானது. தோல் சூடாக இருக்கும்போதே சுலபமாக உரிந்தது. கொழுப்பை மட்டும் கீறினேன், கத்தி கறியைத் தொடக்கூடாது.

மாவை உடைத்ததும் கண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மினுமினுப்பே இல்லை! மூடிய மாவுக்குள் ஆவி நிற்பதால் தேன் கருகிப் பளபளப்பாகவில்லை, கீறல் வழியாகக் கொழுப்புக்குள் இறங்கியிருந்தது. சுவை அபாரம். கீறும் வழக்கம் மாறவில்லை, வேலைதான் மாறியிருக்கிறது. அன்று தேன் உள்ளே போக வழி. இன்று கொழுப்பு உருகி வெளியேறவும், கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தவும்.

அடுத்த துண்டில் மாவை விட்டுவிட்டேன். அத்தி வெந்த நீரைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சி, தேனும் கடுகு விழுதும் சேர்த்து, மூடாமல் அவனில் 200 டிகிரியில் பூசிப் பூசிச் சுட்டேன். தேனைக் கடைசி 20 நிமிடத்தில்தான் பூச வேண்டும். அதிலுள்ள ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரைக்கு முன்பே நிறம் மாறிக் கருகும். இந்தத் தடவை மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னியது.

அன்னாசி வளையம் வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஹவாய் டின் அன்னாசி பரவிய பிறகு, 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம் அது. என் மனசு ஸ்வீடன் பக்கம் போகிறது. அங்கே கிறிஸ்துமஸ் ஹாமுக்குக் கடுகும் முட்டையும் தடவி, ரொட்டித்தூள் தூவிச் சுடுகிறார்கள். வேகவைத்த நீரில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். நீர் அதிகம் உப்புக் கரிக்காமலிருக்க, கூடுதல் நேரம் ஊறவைக்க வேண்டும்.